இருபத்துநான்கு வீத வட்டியும் ஒரு கைத்தொலைபேசியும்

இம்மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டிருப்பவர் ஒரு பெரும் பணக்காரர். இப்படியானவர்களைப் பற்றி எழுதுவதில் எனக்குப் பொதுவாக விருப்பமில்லை. "உழைத்தார், உயர்ந்தார்" என்று முடிகிற கதைகளை வாசித்துவிட்டு, விடியமுன் எழும்பி வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற ஒரு சகோதரி, தான் உழைத்தது போதாதோ என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் இவருடைய வாழ்க்கையின் நடுவில் ஒரு கடன் வருகிறது. ஆண்டுக்கு 24 வீத வட்டிக்கு எடுத்த 8 இலட்சம் ரூபாக் கடன். அந்த இடத்தை வாசித்தபோது, இது கற்பிட்டியிலும் முந்தலிலும் உடப்பிலும் உள்ள எங்களுக்கும் சொல்லப்பட வேண்டிய கதை என்று எனக்குத் தோன்றியது.

அவர் பெயர் விஜய் சேகர் சர்மா. இந்தியாவில் கைத்தொலைபேசி மூலம் பணம் செலுத்தும் பேடிஎம் நிறுவனத்தைத் தொடங்கியவர். தேநீர்க் கடையிலும் மரக்கறி வண்டியிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் உள்ள ஒரு சதுர அட்டையைத் தொங்கவிட்டிருப்பார்களே, தொலைபேசியை அதன்முன் பிடித்தால் பணம் போய்ச் சேருமே, அந்தப் பழக்கத்தை இந்தியாவின் தெருக்களுக்குக் கொண்டுபோனதில் இவருடைய நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

உத்தரப் பிரதேச மாநிலத்தில் அலிகார் நகருக்கு அருகேயுள்ள ஹர்துவாகஞ்ச் என்ற சிற்றூர்தான் அவருடையது. தந்தை பாடசாலை ஆசிரியர். தாய் வீட்டைப் பார்த்துக்கொண்டவர். பிள்ளை படித்தது ஹிந்தி மொழிமூலம். படிப்பில் கெட்டிக்காரன் என்பதால் 14 வயதிலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு டில்லி பொறியியற் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. ஊரில் முதல் வரிசையில் இருந்தவர் டில்லியில் பின் வரிசைக்குப் போனார். பிறகு வகுப்புக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். ஒரே புத்தகத்தின் ஹிந்திப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தும், பழைய புத்தகச் சந்தையில் மலிவாகக் கிடைத்த ஆங்கில சஞ்சிகைகளை வாங்கி வாசித்தும்தான் மொழியைப் பிடித்துக்கொண்டதாக அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

மொழி தெரியாத இடத்தில் கெட்டிக்காரரும் வாய்பேசாதவர் ஆகிவிடுவதை எங்கள் மாவட்டத்தில் உள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையில் ஒரு பையோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்த தாய்மார், சிங்களத்தில் அடித்த படிவத்தை வைத்துக்கொண்டு கச்சேரி வாசலில் நின்ற கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கணக்குப் பார்ப்பதில் அவர்களை யாரும் வெல்ல முடியாது. ஆனால் கையொப்பமிடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. கடன் பத்திரமும் அப்படியொரு தாள்தான். இப்போது அது தாளிலிருந்து தொலைபேசித் திரைக்கு மாறியிருக்கிறது.

சர்மா கல்லூரியில் இருந்தபோதே, 1997 இல், நண்பர்களோடு ஓர் இணையத்தளத்தைத் தொடங்கிப் பின்னர் அதை விற்றார். 2000 இல் ஒன்97 என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தொலைபேசி இலக்கம் கேட்டு அறிய அக்காலத்தில் அங்கு சுழற்றும் இலக்கம் 197. அதிலிருந்து வந்த பெயர் அது. செய்தி, கிரிக்கெட் ஓட்டங்கள், பாட்டு ஒலிகள் ஆகியவற்றைக் கைத்தொலைபேசிக்கு அனுப்புவது தொழில். விரைவிலேயே உலகெங்கும் இணைய நிறுவனங்கள் சரிந்தன. வரவேண்டிய பணம் வரவில்லை. சம்பளம் கொடுக்கவும் தொழிலை ஓட்டவும் அவர் கடன் வாங்கினார். அதுதான் நான் முதலில் சொன்ன 24 வீதக் கடன்.

பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்து திரிந்தார். நண்பர்களின் அறைகளில் படுத்தார். கடனை அடைப்பதற்காக, கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது, வகுப்பு எடுப்பது என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 2004, 2005 காலத்தில் அவருடைய மாத வருமானம் 10,000 இந்திய ரூபா. கம்பனியை மூடிவிட்டு 30,000 ரூபாச் சம்பளத்துக்கு ஒரு வேலை கிடைத்தாலும் போ என்று தந்தை சொன்னாராம். பெண் பார்க்கப் போன வீடுகளில் வருமானத்தைக் கேட்டபின் மறுமொழி வருவதில்லையாம். பிற்காலத்தில், ஹிந்திப் பத்திரிகை ஒன்றில் மகனின் சொத்து மதிப்பை வாசித்த தாய், இவ்வளவு பணம் உண்மையிலேயே உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டதாகவும் அவர் 2021 இல் சொல்லியிருக்கிறார். அந்தத் தாயை எனக்குப் பிடித்திருக்கிறது. பத்திரிகையில் வந்ததையும் பிள்ளையிடம் ஒருதரம் கேட்டுச் சரிபார்த்திருக்கிறார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, 24 வீதம் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். எங்கள் பகுதியில் கிழமைக்குக் கிழமை கட்டுகிற லோன் எடுத்த சகோதரிகளிடம் வட்டி எவ்வளவு என்று கேட்டால், "நூற்றுக்கு 24 தான் மிஸ்" என்று சொல்வார்கள். கம்பனி உத்தியோகத்தர் சொன்னதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

50,000 ரூபா எடுத்தீர்கள் என்று வையுங்கள். 24 வீதம் என்றால் 12,000 ரூபா வட்டி. மொத்தம் 62,000. இதை 50 கிழமைகளுக்குப் பிரித்தால் கிழமைக்கு 1,240 ரூபா. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 50,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருக்கவில்லை. முதற்கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். பாதி ஆண்டு போகும்போது முதலில் பாதியளவு திரும்பிப் போய்விட்டது. வட்டி மட்டும் முழு 50,000 ரூபாவுக்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. உங்கள் கையில் உண்மையில் இருந்த பணத்துக்கு எனப் பார்த்தால், அந்த வட்டி 40 வீதத்தைத் தாண்டும். வாயால் சொல்லும் வீதம் ஒன்று, கையால் கட்டும் வீதம் இன்னொன்று. ஆகவே "வட்டி எத்தனை வீதம்?" என்று கேட்பதோடு நிற்காமல், "குறைந்துபோகும் மீதிக்கா, முழுத் தொகைக்கா?" என்றும் கேளுங்கள். அதைக் கேட்டவுடன் முன்னால் இருப்பவரின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சர்மா அந்தக் கடனிலிருந்து மீண்டதற்கு அவருடைய விடாமுயற்சி ஒரு காரணம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சமூகவியல் படித்தவள் என்ற முறையில் மற்றக் காரணங்களையும் பார்க்கிறேன். அவரிடம் பொறியியற் பட்டம் இருந்தது. இரவில் எந்த நேரமும் தனியாக நடந்து திரியலாம். அடுப்பில் வைத்துவிட்டு வந்த சோறும், பாடசாலையிலிருந்து கூட்டிவர வேண்டிய பிள்ளையும் அவருக்கு இல்லை. எங்கள் பெண்கள் எடுத்த கடனோ, கணவன் இல்லாத அல்லது இருந்தும் உதவாத வீட்டில், இறால் பண்ணைக் கூலியிலோ கருவாட்டு வியாபாரத்திலோ கட்ட வேண்டிய கடன். ஐந்து பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றதால், ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நான்கு பேரும் அவள் வாசலில் நிற்பார்கள். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. 2021 இல் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் கிழமைக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். விடாமுயற்சி இல்லாததால் அவர்கள் அங்கே போய் உட்காரவில்லை.

சரி, கதைக்கு வருவோம். 2010 இல் பேடிஎம் தொடங்கியது. முதலில் தொலைபேசிக்குக் காசு நிரப்புவதுதான் வேலை. 2014 இல் தொலைபேசியையே ஒரு பணப்பையாக்கினார்கள். அடுத்த ஆண்டு சீனாவின் அலிபாபா குழுமத்தின் பக்கத்திலிருந்து முதலீடு வந்தது. 2016 நவம்பர் 8 ஆம் திகதி இரவு, 500 ரூபா, 1000 ரூபாத் தாள்கள் செல்லாது என்று இந்தியப் பிரதமர் அறிவித்தார். புழக்கத்தில் இருந்த பணத்தின் பெறுமதியில் 86 வீதம் அந்த இரண்டு தாள்களில்தான் இருந்தது. சனங்கள் வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். கையில் தாள் இல்லாத வியாபாரிகள் பேடிஎம் பக்கம் திரும்பினார்கள். நிறுவனம் ஒரே மூச்சில் வளர்ந்தது.

அந்த இரவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அரிசிப் பானைக்குள்ளும் சேலை மடிப்புக்குள்ளும் கணவனுக்குத் தெரியாமல் பெண்கள் சேர்த்து வைத்திருந்த 500 ரூபாத் தாள்கள் எல்லாம் வெளியே வந்தன. மாற்றாவிட்டால் வெறும் கடதாசி. மாற்றப் போனால் வீட்டுக்குத் தெரியும். பிள்ளையின் புத்தகத்துக்கோ, அடி தாங்க முடியாத நாளில் தாய் வீட்டுக்குப் போகும் பஸ் காசுக்கோ என்று ஒதுக்கிய பணம் அது. சில வீடுகளில் அந்தப் பணம் திரும்ப அவர்கள் கைக்கு வரவில்லை. முன்னேற்றக் கதைகளில் இந்தப் பக்கத்தைச் சேர்ப்பதில்லை.

பேடிஎம் செய்த நல்ல காரியங்களில் ஒன்றையும் சொல்ல வேண்டும். வாங்குபவர் பணம் அனுப்பியதும் எவ்வளவு வந்தது என்று உரக்கச் சொல்லும் ஒரு சிறு பெட்டியை வியாபாரிகளுக்குக் கொடுத்தார்கள். கை ஈரமாக இருக்கும் மீன் வியாபாரிக்கும், எழுத்து வாசிக்கத் தெரியாத பூக்காரிக்கும் அது பெரிய உதவி. "அனுப்பிவிட்டேன்" என்று வெறும் திரையைக் காட்டி ஏமாற்ற முடியாது.

2021 நவம்பரில் நிறுவனத்தின் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்று 18,300 கோடி இந்திய ரூபா திரட்டினார்கள். அதுவரை இந்தியாவில் நடந்த பங்கு வெளியீடுகளில் அதுவே பெரியது. விழா மேடையில் தேசிய கீதம் இசைத்தபோது சர்மா கண்கலங்கினார். அன்றைக்கே பங்கின் விலை 27 வீதம் விழுந்தது. சேமிப்பைப் போட்டுப் பங்கு வாங்கியவர்களும் கண்கலங்கியிருப்பார்கள்.

அதைவிடப் பெரிய அடி 2024 ஜனவரி 31 இல் விழுந்தது. 2017 இல் தொடங்கப்பட்ட பேடிஎம் கொடுப்பனவு வங்கி விதிமுறைகளைத் தொடர்ந்து மீறி வந்ததாகக் கூறி, புதிதாக வைப்புப் பெறுவதை நிறுத்தும்படி இந்திய ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. வாடிக்கையாளர் யார் என்று அடையாளம் சரிபார்ப்பதில் குறைபாடுகள் இருந்தது ஒரு முக்கிய காரணமாகப் பேசப்பட்டது. காலக்கெடு மார்ச் 15 வரை நீடிக்கப்பட்டது. உள்ளே இருந்த பணத்தை எடுக்கத் தடை இல்லை என்றாலும் இலட்சக்கணக்கானோர் பதறிப்போனார்கள். சர்மா அந்த வங்கியின் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். செயலி மட்டும் வேறு வங்கிகளின் துணையோடு தொடர்ந்து இயங்கியது. எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் அதற்கு மேல் ஒரு மேற்பார்வை வேண்டும் என்பதை நான் இந்த இடத்தில்தான் கண்டேன். எங்களிடம் கடன் கொடுக்கவோ சேமிப்பு வாங்கவோ ஒருவர் வந்தால், மத்திய வங்கியின் அனுமதி உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இதே இந்தியாவில், இதே காசு விடயத்தில், எதிர்த்திசையில் நடந்த ஒரு பெண்ணின் கதையும் இருக்கிறது. சேத்னா சின்ஹா மும்பாயில் பிறந்தவர். திருமணத்தின் பின் மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில் மஸ்வாட் என்ற வறண்ட கிராமத்துக்கு வந்து குடியேறினார். தெருவோரத்தில் இரும்பு வேலை செய்யும் காந்தாபாய் என்ற பெண் ஒருநாள் அவரிடம் வந்தார். மழைக்கு முன் கூரைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வாங்குவதற்காக நாளுக்கு 10 ரூபா சேமிக்கப் போனதாகவும், தொகை சிறியது என்று வங்கி கணக்குத் திறக்க மறுத்துவிட்டதாகவும் சொன்னார். அப்படியானால் நாங்களே ஒரு வங்கி தொடங்குவோம் என்று பெண்கள் கூடினார்கள்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. உறுப்பினர்கள் கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் வைத்திருந்ததுதான் காரணம். பெண்கள் மாதக்கணக்கில் எழுதப் படித்தார்கள். பிறகு சேத்னாவோடு ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கே போனார்கள். நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது எங்கள் ஊரில் பாடசாலை இல்லை, அது எங்கள் குற்றமா என்று கேட்டார்கள். எந்தத் தொகையையும் சொல்லுங்கள், வட்டியைச் சொல்கிறோம், உங்கள் அதிகாரிகளும் கணிப்பொறி இல்லாமல் போடட்டும், யார் முந்துகிறார் பார்ப்போம் என்று சவால் விட்டார்கள். அனுமதி கிடைத்தது. 1997 இல் மாண் தேசி பெண்கள் கூட்டுறவு வங்கி பிறந்தது.

பல ஆண்டுகளுக்குப் பின் அந்த வங்கியும் மின்னணுப் பணத்துக்கு மாறியது. இரகசிய இலக்கத்தை மனனம் செய்யச் சொன்னபோது பெண்கள் மறுத்துவிட்டார்கள். இலக்கத்தை யாரும் திருடலாம், எங்கள் பெருவிரலைத் திருட முடியாது என்றார்கள். வங்கி அவர்கள் சொன்னபடியே செய்தது. எந்தப் பெருவிரலைக் காட்டி ஒருகாலத்தில் அனுமதி மறுத்தார்களோ அதே பெருவிரல் பணப்பெட்டியின் திறப்பாயிற்று. சர்மாவின் கதையை நான் கூட்டங்களில் சொன்னால் சகோதரிகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தக் கதையைச் சொன்னால் கைதட்டுவார்கள்.

இனி எங்கள் கரைக்கு வருவோம். எமது நாட்டிலும் 2012 இல் ஈஸி காஷ் வந்தது முதல் தொலைபேசியில் பணம் அனுப்பலாம். லங்கா கியூஆர் அட்டை இப்போது சிறு கடைகளிலும் தெரிகிறது. 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியப் பயணிகள் தங்கள் நாட்டுச் செயலியாலேயே இங்கு பணம் செலுத்தும் ஏற்பாடும் வந்திருக்கிறது. கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்க வருகிறவரிடம் இளநீரோ கருவாடோ விற்கிற பெண்ணுக்கு இது பயன்படும். ஆனால் அந்த அட்டை யாருடைய வங்கிக் கணக்கோடு சேர்ந்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

நான் வேலை செய்யும் ஒரு கிராமத்தில் கருவாடு விற்கும் அக்கா ஒருவர் தன் மேசையில் அட்டையை ஒட்டியிருந்தார். பணம் போவது மருமகனின் கணக்குக்கு. மாலையில் அவர் கொடுப்பதுதான் கணக்கு. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய இன்னொரு சகோதரிக்கு, தான் அனுப்பிய பணம் வந்து சேர்ந்த குறுஞ்செய்திகள் எல்லாம் கணவனின் தொலைபேசியில்தான் இருந்தன. காசைக் காணவில்லை, குறுஞ்செய்தி மட்டும் இருந்தது. இன்னும் சிலர் செயலிகளில் சில நிமிடங்களில் கிடைக்கும் கடனை எடுத்திருக்கிறார்கள். அவற்றில் சில, கடன் கொடுக்கும்போதே தொலைபேசியில் உள்ள எல்லா இலக்கங்களையும் பார்க்க அனுமதி வாங்கிவிடும். தவணை தவறினால் அக்காவுக்கும் மச்சாளுக்கும் பாடசாலை ஆசிரியைக்கும் அழைப்புப் போகும். முன்பு நான்கு பேர் வாசலில் நின்றார்கள். இப்போது நானூறு பேர்.

தொலைபேசிக்கு வரும் தற்காலிக இலக்கத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வதுண்டு. "யாருக்கும்" என்பதில் மகனும் மருமகனும் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்கிறவரும் அடக்கம். மகனுக்குச் சொல்லாமல் எப்படி என்று சிலர் கோபிப்பார்கள். மகனை நம்புங்கள், இலக்கத்தை நீங்களே அழுத்துங்கள் என்பேன்.

அந்தக் கருவாட்டு அக்கா சென்ற மாதம் தன் பெயரில் கணக்குத் திறந்துவிட்டார். அட்டையையும் மாற்ற விண்ணப்பித்தோம். அப்போதுதான் தெரிந்தது, அவருடைய தொலைபேசியின் சிம் இன்னும் மருமகனின் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்று. சிம் எந்தப் பெயரில் இருக்கிறதோ அவர் நினைத்தால் அதை நிறுத்தவும் முடியும், மாற்று சிம் எடுக்கவும் முடியும். எங்கள் குழுவில் 22 பேரிடம் கேட்டோம். ஒன்பது பேரின் சிம் கணவன், சகோதரன், அல்லது எப்போதோ ஊரைவிட்டுப் போன யாரோ ஒருவரின் பெயரில் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த ஒன்பது பேரும் அடையாள அட்டையோடு புத்தளம் நகருக்குப் போகிறோம். பஸ் காசைக் குழுச் சேமிப்பிலிருந்து எடுக்கலாமா என்பதில் மட்டும் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.